அந்தமானை ஏன் மீட்கவில்லை?

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் படை நுழைந்த இந்திய மண் எது என்று கேட்டால், பெரும்பாலும் இம்பால், கொஹிமா என்றுதான் பதில் வரும். அங்கே ஜப்பானியர் நின்றது சில மாதங்கள்தான். மூன்றரை ஆண்டுகள் முழுதாக அவர்கள் கையில் இருந்தது அந்தமான் நிக்கோபார். 1942 மார்ச் 23ல் போர்ட் பிளேரில் இறங்கினார்கள். 1945 அக்டோபரில்தான் பிரிட்டிஷ் படை திரும்ப வந்தது, அதுவும் ஜப்பான் சரணடைந்த பிறகு! இடையில் அந்தத் தீவுகளைச் சண்டையிட்டு மீட்க ஒரு பெரிய திட்டம் போடப்பட்டது. பிறகு கைவிடப்பட்டது. ஏன்?

இதற்குப் பதில் தேட, போர்க்காலத்தில் ஒரு தீவுக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். தளபதிகளுக்குத் தீவின் மண்ணோ மரமோ முக்கியமில்லை. அங்கே விமானம் இறங்க முடியுமா, கப்பல் ஒதுங்க முடியுமா, அங்கிருந்து எந்தக் கடல் வழியை அடைக்க முடியும் என்பதுதான் கணக்கு.

அந்தமான் வங்கக் கடலின் கிழக்கு ஓரத்தில், ரங்கூனுக்குப் போகும் கடல் வழியின் வாசலில் இருக்கிறது. 1942 மார்ச் 8ல் ரங்கூன் விழுந்ததும், இனி அந்தமானைக் காப்பாற்ற முடியாது என்று பிரிட்டன் முடிவு செய்தது. சில நாட்களில் அங்கிருந்த கூர்க்கா படையைத் திரும்ப அழைத்துக்கொண்டது. ஜப்பானியர் எதிர்ப்பே இல்லாமல் இறங்கினார்கள். ரங்கூனுக்குச் செல்லும் தங்கள் சரக்குக் கப்பல்களுக்குப் பாதுகாப்பு, வங்கக் கடலை வேவு பார்க்கக் கடல் விமானங்களுக்கு ஒரு தளம் என்று அவர்களுக்கு இரண்டு லாபம். அடுத்த மாதமே ஏப்ரல் 5ல் கொழும்பு, 6ல் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9ல் திருகோணமலை என்று ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள் தாக்கின. சென்னையிலிருந்து மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறியது அப்போதுதான்.

மீட்கும் பேச்சு சூடு பிடித்தது 1943ன் கடைசியில். தென்கிழக்கு ஆசியாவின் நேச நாட்டுத் தலைமைத் தளபதியாக மவுண்ட்பேட்டன் பொறுப்பேற்றிருந்தார். அந்தமான் மீது படையிறக்கும் திட்டத்துக்கு 'பக்கனீர்' என்று பெயர். நவம்பரில் நடந்த கெய்ரோ மாநாட்டில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட், சீனத் தலைவர் சியாங் கை ஷேக்குக்கு இதை வாக்குறுதியாகவே கொடுத்தார். வட பர்மாவில் சீனப் படை இறங்க வேண்டுமானால், அதே நேரத்தில் வங்கக் கடலிலும் ஒரு தாக்குதல் நடக்க வேண்டும் என்பது சியாங்கின் நிபந்தனை.

ஆனால் சர்ச்சிலுக்கு இதில் மனமில்லை. சுமார் 5,000 ஜப்பானியரை வெல்ல ஏறக்குறைய 50,000 பேர் தேவை என்று மவுண்ட்பேட்டன் கேட்டது அவருக்குப் பொறுக்கவில்லை. ஆளைவிடப் பெரிய தட்டுப்பாடு ஒன்றும் இருந்தது. அது கரையில் படையிறக்கும் படகு. பிரான்சில் இறங்கவும், மத்தியதரைக் கடலிலும் அதே படகுகள்தான் வேண்டும். எல்லா இடத்துக்கும் போதுமான எண்ணிக்கையில் அவை இல்லை.

வணிகவியலில் இதை வாய்ப்புச் செலவு என்பார்கள். ஒரு பொருளின் உண்மையான விலை அதற்குக் கொடுத்த பணம் மட்டுமல்ல. அந்தப் பணத்தால் வேறு எதை வாங்கியிருக்கலாமோ, அதை இழந்ததும் சேர்ந்ததுதான். அந்தமானின் வாய்ப்புச் செலவு பிரான்ஸ்! டிசம்பர் 5ல் ரூஸ்வெல்ட் வாக்குறுதியை விலக்கிக்கொண்டார். படகுகள் மேற்கே போயின.

ராணுவக் கண்ணோட்டத்தில் மட்டும் பார்த்தால் இந்த முடிவைத் தவறு என்று சொல்வது கடினம். அதற்குள் சயாம் - பர்மா ரயில் பாதை முடிந்துவிட்டது. மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழர்களின் உயிரைக் குடித்த பாதை அது. கடல் வழியை அடைத்தாலும் ஜப்பானுக்கு அந்தத் தரைவழி இருந்தது. அந்தமானில் இருந்த படையையும் மீட்காமலே முடக்க முடிந்தது. 1944 ஜூனில் 'இல்லஸ்ட்ரியஸ்' என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் போர்ட் பிளேரைத் தாக்கிவிட்டுத் திரும்பியது. பசிபிக்கிலும் அமெரிக்கர்கள் இதைத்தான் செய்தார்கள். சுமார் ஒரு லட்சம் ஜப்பானியர் இருந்த ரபாவுலைத் தாக்காமல் சுற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

அதே பிரிட்டன் 1945 ஜனவரியில் பர்மா கரையோரத்து ராம்ரி தீவைச் சண்டையிட்டே பிடித்தது. காரணம், ரங்கூனை நோக்கி முன்னேறிய பதினான்காம் படைக்குச் சாமான் கொண்டுபோக அங்கே விமானத்தளம் வேண்டியிருந்தது. மே மாதத் தொடக்கத்தில் ரங்கூன் கைக்கு வந்தது. ராம்ரி வழியில் இருந்ததால் மீட்கப்பட்டது. அந்தமானைத் தாண்டிப் போக முடிந்ததால் விடப்பட்டது.

இந்தத் தீவுகளுக்கு இன்னொரு மதிப்பும் இருந்தது, அது அரசியல் மதிப்பு. கெய்ரோவில் பேரம் நடந்த அதே நவம்பரில், டோக்கியோவில் ஜப்பான் பிரதமர் டோஜோ, தீவுகளை நேதாஜியின் சுதந்திர அரசுக்குத் தருவதாக அறிவித்தார். டிசம்பர் 30ல் நேதாஜி போர்ட் பிளேரில் கொடியேற்றினார். அந்தமானுக்கு 'ஷஹீத்', நிக்கோபாருக்கு 'ஸ்வராஜ்' என்று பெயர் சூட்டினார். நாடில்லாத ஓர் அரசுக்குச் சொந்த மண் என்று காட்ட ஓர் இடம் கிடைத்தது, அது சிறிய விஷயமல்ல. ஆனால் அதிகாரம் ஜப்பானியரிடமே இருந்தது. 1944 பிப்ரவரியில் ஆளுநராக வந்தவர் ஒரு தமிழர், ஏ.டி. லோகநாதன். அவர் கைக்கு வந்தது கல்வித்துறை மட்டும்தான். உடல்நலமும் கெட்டு அதே ஆண்டு அவர் திரும்பிவிட்டார்.

இந்தக் கணக்குகள் எதிலும் வராதவர்கள் தீவில் வாழ்ந்த மக்கள். 1943 ஜனவரியில், முன்பு அங்கே போலீஸ் அதிகாரியாக இருந்த மெக்கார்த்தி என்பவரை நீர்மூழ்கிக் கப்பலில் கொண்டுவந்து இறக்கி பிரிட்டன் வேவு பார்த்தது. ஜப்பானியக் கப்பல்கள் மூழ்க மூழ்க, தகவல் கொடுப்பது உள்ளூர்க்காரர்கள்தான் என்ற சந்தேகம் வளர்ந்தது. சீக்கிய மருத்துவர் திவான் சிங் கைது செய்யப்பட்டு, சித்திரவதைக்குப் பின் 1944 ஜனவரி 14ல் இறந்தார். நேதாஜி கொடியேற்றியபோது அவர் செல்லுலார் சிறையில்தான் இருந்தார். ஜனவரி 30ல் ஹம்ஃப்ரேகஞ்சில் 44 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பலர் இந்திய சுதந்திர லீக்கைச் சேர்ந்தவர்கள்!

பிறகு பசி. அந்தமான் தனக்கு வேண்டிய அரிசியை வெளியிலிருந்து வாங்கிச் சாப்பிட்ட தீவு. கடல் அடைபட்டதும் ஜப்பானியப் படைக்கும் உணவில்லை, மக்களுக்கும் இல்லை. 1945 ஆகஸ்டில், சரணடைவதற்குச் சில நாட்களுக்கு முன், பயிர் செய்யப் போகிறீர்கள் என்று சொல்லிப் பல நூறு பேரைக் கப்பலில் ஏற்றி, ஹேவ்லாக் தீவருகே கடலில் தள்ளினார்கள். பலர் மூழ்கினார்கள். கரை சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பட்டினியால் செத்தார்கள். தாக்காமல் முடக்கி வைப்பது செலவில்லாத வழி என்று திட்டம் போட்டவர்களுக்குத் தோன்றியது. அந்தச் செலவைத் தீவுக்காரர்கள் கட்டினார்கள்.

அடிமை நாட்டு மக்கள் என்பதால்தான் பிரிட்டன் கைவிட்டதா? அப்படி மட்டும் சொல்லிவிட முடியாது. பிரான்சை ஒட்டிய தன் சொந்தச் சேனல் தீவுகளையும் பிரிட்டன் 1945 மே வரை மீட்கவில்லை. ஐந்து ஆண்டுகள் அங்கே ஜெர்மானியர் இருந்தார்கள். வித்தியாசம் ஒன்று உண்டு. அங்கே பசி முற்றியபோது, 1944 டிசம்பரில் 'வேகா' என்ற செஞ்சிலுவைக் கப்பல் உணவு கொண்டுபோனது. அந்தமானுக்கு அப்படி ஒரு கப்பல் வரவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியா இந்தத் தீவுகளின் ராணுவ மதிப்பை மறக்கவில்லை. முப்படைகளும் சேர்ந்த கூட்டுக் கட்டளையகம் 2001ல் அங்கேதான் தொடங்கப்பட்டது. மலாக்கா நீரிணை, கப்பல் போக்குவரத்து என்று இன்றும் பேச்செல்லாம் தீவு எங்கே இருக்கிறது என்பதைப் பற்றியே இருக்கிறது. அது அவசியமான பேச்சுதான். ஆனால் ஒரு தீவைக் காப்பதா, விடுவதா, மீட்பதா என்று கணக்குப் போடும்போது, அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை நாளைக்கு அரிசி இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும் என்பதற்கு 1942 முதல் 1945 வரையான அந்தமானே சாட்சி.

போர்ட் பிளேருக்கு 2024ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். அதற்கு முன்பே, 2018ல், ஹேவ்லாக் தீவு ஸ்வராஜ் தீவானது. சுற்றுலாப் பயணிகள் அந்தக் கடற்கரைக்குத்தான் அதிகம் போகிறார்கள். அந்தக் கடலில் தள்ளப்பட்டவர்களைப் பற்றியும் அங்கே போகிறவர்கள் தெரிந்துகொண்டு போனால் நல்லது.