அடுப்படிக்குள் வந்த சட்டம்

சமையலறையைப் புதுப்பிக்க நினைக்கும் குடும்பங்களில் பேச்சு பெரும்பாலும் மேடைக்கல்லின் நிறத்தில் தொடங்குகிறது. கிரானைட்டா, குவார்ட்ஸா, மாடுலர் அலமாரிக்கு எந்த லேமினேட், சிம்னி எந்தக் கம்பெனி என்று அது நீளும். அனுமதி, கட்டட விதி என்று யாராவது சொன்னால் அது வீண் அலைச்சலாகத் தெரியும். என் வீட்டுக்குள் என் அடுப்பை இடம் மாற்ற நான் யாரைக் கேட்க வேண்டும்? கேள்வி நியாயமானது. விடை வரலாற்றில் இருக்கிறது. சமையலறை பற்றிய சட்டம் இரண்டு அடுக்காக வளர்ந்தது. முதல் அடுக்கு அக்கம்பக்கத்தையும் தெருவையும் காக்க வந்தது. அதற்கு 800 ஆண்டுக்கு மேல் வயது. அடுப்புக்கு முன்னால் நின்று சமைப்பவரைக் காக்க வந்த இரண்டாம் அடுக்குக்கு 100 ஆண்டுக்குச் சற்றே அதிகம். நம் ஊரில் முதல் அடுக்கு ஓரளவு வேரூன்றிவிட்டது. இரண்டாவது இன்னும் ஏட்டளவில் நிற்கிறது. சமையலறையை மாற்றிக் கட்டுபவர்தான் அந்தக் குறையை நிரப்பக்கூடியவர்.

முதல் அடுக்கின் பழைய தடயங்கள் லண்டனில் தெளிவாகக் கிடைக்கின்றன. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்நகரம் வகுத்த கட்டட ஒழுங்கு, அடுத்தடுத்த வீடுகளுக்கு நடுவே 3 அடி கனமுள்ள கல்சுவர் எழுப்பச் சொன்னது. 1212இல் ஒரு பெருந்தீ நகரை விழுங்கியது. அதே ஆண்டு வந்த ஆணை நேராக அடுப்பிடம் போனது. கூரையில் வைக்கோலும் நாணலும் வேயக் கூடாது. சமைத்து விற்கும் கடைகள் உள்ளும் புறமும் சாந்து பூசி வெள்ளையடிக்கப்பட வேண்டும். ரொட்டி சுடுவோரும் மது காய்ச்சுவோரும் இரவில் வைக்கோல், நாணல், தாளடி எதையும் எரிக்காமல் விறகை மட்டுமே எரிக்க வேண்டும். வைக்கோல் குப்பென்று பற்றும், அதன் பொறி காற்றில் பறக்கும், இரவில் அதைப் பார்க்க ஆள் இருக்காது. ஆணையை எழுதியவர்களுக்கு அடுப்பின் குணம் நன்றாகத் தெரிந்திருந்தது. கடல் கடந்து போன குடியேறிகளும் அதே பாடத்தைத்தான் மறுபடி படித்தார்கள். பாஸ்டன் 1631இல் மரப் புகைபோக்கியையும் புல் கூரையையும் தடை செய்தது. பின்னாளில் நியூயார்க் ஆன நியூ ஆம்ஸ்டர்டாம் 1648இல் மரப் புகைபோக்கிக்குத் தடை விதித்து, வீடு வீடாகப் போய்ப் புகைபோக்கிகளைச் சோதிக்கத் தீக்காவலர்களையும் நியமித்தது.

ஆணை இருந்தும் லண்டன் மறுபடி எரிந்தது. 1666 செப்டம்பரில் புட்டிங் லேன் என்ற சந்தில் ஒரு ரொட்டிக் கடையில் பிடித்த தீ, ஏறத்தாழ 13,200 வீடுகளையும் 87 தேவாலயங்களையும் சாம்பலாக்கியது. செங்கல்லால் கட்டச் சொல்லி அரச அறிவிப்புகள் அந்நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே வந்துகொண்டிருந்தன. பெரும்பாலோர் கேட்கவில்லை, கேட்க வைக்க ஆளும் போதவில்லை. 1667இல் இயற்றப்பட்ட மறுகட்டுமானச் சட்டம் இந்த இடத்தில்தான் வேறுபட்டது. வீடுகளை நான்கு வகையாகப் பிரித்தது, சுவரின் கனத்தை வகைக்கேற்ப நிர்ணயித்தது, வெளிப்புறம் செங்கல் அல்லது கல் என்றது. அளந்து பார்க்க நகர அளவையாளர்கள் இறங்கினார்கள். அறிவியலாளர் ராபர்ட் ஹூக் அவர்களில் ஒருவர். எரிந்த தெருக்களில் அடித்தள எல்லைக்கு முளையடித்துக் கொடுக்கும் வேலையை அவரே நடந்து நடந்து செய்தார். எழுத்தில் இருக்கும் விதி ஊரைக் காப்பதில்லை. அதைத் தளத்தில் வந்து பார்க்கும் கண்தான் காக்கிறது. அனுமதி, ஆய்வு என்று இன்று சலித்துக்கொள்ளும் ஏற்பாட்டின் பிறப்பு இதுதான்.

ஓலையும் கீற்றும் வேய்ந்த ஊர்கள் நிறைந்த சென்னை மாகாணத்துக்கு இது அந்நியமான கவலை அல்ல. 1919இன் சென்னை மாநகராட்சிச் சட்டமும் 1920இன் மாவட்ட நகராட்சிகள் சட்டமும் கூரை, சுவர், பந்தல் ஆகியவற்றைப் புல், ஓலை, பாய் போன்ற எளிதில் பற்றும் பொருளால் அமைக்க அனுமதி பெற வேண்டும் என்று விதித்தன. 1212இன் லண்டன் ஆணையும் இதுவும் ஒரே அச்சத்திலிருந்து பிறந்தவை. அந்த அச்சம் எவ்வளவு சரியானது என்பதை 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் காட்டியது. அங்கே ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் மதிய உணவுக்கு மூட்டிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவி, 94 குழந்தைகளின் உயிரைப் பறித்தது. அதன் பிறகுதான் பள்ளிகளின் கீற்றுக் கூரைகள் மாநிலம் முழுவதும் அகற்றப்பட்டன. சட்டப் புத்தகத்தில் 80 ஆண்டுக்கு மேலாகக் கிடந்த ஒரு வரியை, யாரும் வந்து பார்க்காததால், அத்தனை குழந்தைகளைக் கொடுத்த பிறகு நடைமுறைக்குக் கொண்டுவந்தோம்.

ஆனால் இவை அனைத்தும் சமையலறையை வெளியிலிருந்து பார்க்கும் விதிகள். தீ வெளியே வராதவரை உள்ளே யார் இருமினாலும் யாருடைய கண் எரிந்தாலும் சட்டம் கவனிக்கவில்லை. அந்தப் பார்வை மாறத் தொடங்கியது 20ஆம் நூற்றாண்டில். 1901இல் நியூயார்க் இயற்றிய குடியிருப்புச் சட்டம், புதிதாகக் கட்டும் வாடகைக் குடியிருப்புகளில் ஒவ்வொரு அறைக்கும் ஜன்னலும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தண்ணீர் வசதியும் கட்டாயம் என்றது. 1926இல் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரில், எர்ன்ஸ்ட் மே தலைமையில் கட்டப்பட்ட தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் ஒரு சமையலறையை வடிவமைத்தார். அகலம் 1.87 மீட்டர், நீளம் 3.44 மீட்டர். வேலை செய்பவரின் ஒவ்வொரு அடியையும் நேரத்தையும் கணக்கிட்டு வரைந்த திட்டம் அது. ஜன்னலுக்கு நேர்கீழே காய் நறுக்கும் மேடை, அதன் முன் சுழலும் முக்காலி, தோலைத் தள்ளிவிட மேடையிலேயே ஒரு தொட்டி. அரிசிக்கும் சர்க்கரைக்கும் கைப்பிடியும் வாயும் வைத்த அலுமினிய இழுப்பறைகள். அப்படியே எடுத்துப் பாத்திரத்தில் கொட்டலாம். புழு அண்டாதிருக்க மாவுக்கு மட்டும் ஓக் மரப் பெட்டி. ஏறத்தாழ 10,000 வீடுகளில் இது அமைந்தது. ஒருவர் மட்டுமே நிற்கக்கூடிய அந்த அறை பெண்ணைத் தனிமைப்படுத்தியது என்று பின்னாளில் பெண்ணியர்கள் விமர்சித்தார்கள். விமர்சனம் சரியே. ஆயினும் சமைப்பவரின் முதுகும் கண்ணும் நேரமும் பொதுப்பணத்தில் கட்டும் வீட்டின் திட்டத்தில் இடம்பெற வேண்டியவை என்பதை அது நிலைநாட்டியது. அதுவரை அந்தக் கணக்கை எந்த நகரமும் அவ்வளவு பெரிய அளவில் போட்டுப் பார்த்ததில்லை.

மின்சாரம் வந்தபோது அதே நகர்வு மறுபடி நடந்தது. அமெரிக்காவின் தேசிய மின்விதித் தொகுப்பு 1897இல் முதன்முதலில் வெளிவந்தபோது அதன் பின்னால் காப்பீட்டு நிறுவனங்களின் அக்கறையும் இருந்தது. கட்டடம் எரிந்தால் நட்டம் அவர்களுக்கு. பாதுகாப்பு விதிகளெல்லாம் பணக் கணக்கில் பிறந்தவை, அவற்றில் மனித அக்கறையைத் தேடுவது வீண் என்று வாதிடுவோர் இதைத்தான் காட்டுவார்கள். தொடக்கத்துக்கு அது பொருந்தும். பிறகு நடந்ததற்குப் பொருந்தாது. மனித உடல் எவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்கும் என்று ஆராய்ந்த பெர்க்லி பேராசிரியர் சார்லஸ் டால்சீல், 1961இல் சில மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியை உருவாக்கினார். ஈரக்கையோடு வேலை நடக்கும் சிங்க் அருகே இருக்கும் பிளக்குகளுக்கு அது 1987இல் அமெரிக்காவில் கட்டாயமானது. இன்னொரு விதி: சமையல் மேடையின் எந்த இடத்திலிருந்தும் 2 அடிக்குள் ஒரு பிளக் இருக்க வேண்டும். சமையல் கருவிகளின் வயர் குட்டையானது. பிளக் தூரத்தில் இருந்தால் நீட்டிப்பு வயர் வரும். அது மேடை ஓரத்தில் தொங்கும். குழந்தை இழுக்கும், கொதிக்கும் பாத்திரம் சரியும். கட்டடம் எரிவதைத் தாண்டி ஒரு குழந்தையின் கை எட்டும் தூரம்வரை அந்த விதி யோசித்திருக்கிறது.

இந்தியாவில் இரண்டாம் அடுக்குக்கு 1970இல் வந்த தேசியக் கட்டட விதித்தொகுப்பு வடிவம் கொடுத்தது. 1983, 2005, 2016 ஆண்டுகளில் அது திருத்தப்பட்டது. சாப்பிடும் இடம் தனியாக உள்ள வீட்டில் சமையலறை 5 சதுர மீட்டருக்கும், அகலம் 1.8 மீட்டருக்கும் குறையக் கூடாது. அங்கேயே சாப்பிடுவதானால் 7.5 சதுர மீட்டர் வேண்டும். தரை நீர் புகாததாக இருக்க வேண்டும். குறைந்தது 1 சதுர மீட்டர் ஜன்னல் வேண்டும்; அது திறந்தவெளியை நோக்கித் திறக்க வேண்டும், குழாய்கள் செல்லும் குறுகலான கட்டடக் குழிக்குள் திறக்கக் கூடாது. புகையும் நெருப்பும் அந்தக் குழி வழியாக மேல்வீட்டுக்கு ஏறும். சமைப்பவருக்கு நல்ல காற்றும் வராது. தெருவும் சமைப்பவரும் ஒரே வாக்கியத்தில் சேரும் இடம் இது. இதன் அவசியத்துக்குச் சான்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியின் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் தமிழகக் கிராமங்களில் 400க்கும் மேற்பட்ட வீடுகளில் காற்றின் தூசியை அளந்து 2002இல் முடிவுகளை வெளியிட்டார்கள். எரிபொருளோடு சேர்த்துச் சமையலறை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதும் பாதிப்பின் அளவைத் தீர்மானித்தது. அடுப்புக்கு முன்னால் நிற்பவரே மற்றவர்களைவிட அதிகம் சுவாசித்தார். வீட்டுக்குள் சூழும் புகையால் 2020இல் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. இத்தனை உயிர்கள் போக எந்த வீடும் பற்றி எரிய வேண்டியிருக்கவில்லை.

ஆனால் தேசியத் தொகுப்பு ஒரு பரிந்துரை மட்டுமே. மாநில விதி எடுத்துக்கொண்டால்தான் அது கட்டுப்படுத்தும். தமிழ்நாட்டில் 2019 முதல் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் நடப்பில் உள்ளன. அனுமதி கேட்டு வரும் வரைபடத்தில் பெரிதும் பார்க்கப்படுபவை எஃப்.எஸ்.ஐ. எனப்படும் தளப்பரப்புக் குறியீடு, சுற்றிலும் விடும் இடம், உயரம், வண்டி நிறுத்தம் ஆகியவை. கட்டி முடித்துச் சாவி கைக்கு வந்த பிறகு நடக்கும் புதுப்பிப்பு வேலை பெரும்பாலும் எந்தக் கண்ணிலும் படுவதில்லை. சமையலறையை ஒட்டிய பால்கனியை அடைத்து வேலையிடம் ஆக்குகிறார்கள். அதோடு அனுமதி பெற்ற ஜன்னல் செத்துப்போகிறது. ஹாலோடு இணைக்கச் சுவரை இடிக்கிறார்கள். அது பாரம் தாங்கும் சுவரா என்று பொறியாளரைக் கேட்பதில்லை. சிலிண்டரை மூடிய அலமாரிக்குள் வைக்கிறார்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் அலமாரியின் அடியில் தேங்கும். கதவின் கீழ்ப்பகுதியில் காற்றுத்துளை இல்லாவிட்டால், கசிந்த வாயு வெளியேற வழி இல்லை.

விதி என்றாலே லஞ்சமும் தாமதமும்தான், அதை மேலும் வளர்க்க வேண்டுமா என்று கேட்பவர்களின் கோபத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் லண்டனின் வரலாறு சொல்வது, ஆய்வு கெட்டுப்போனால் அதைத் திருத்த வேண்டுமே தவிர கைவிடக் கூடாது என்பதைத்தான். டைல்ஸ் மாற்றுவதற்கும் அலமாரி பொருத்துவதற்கும் எந்த அனுமதியும் வேண்டியதில்லை. சுவர், கழிவுநீர்க் குழாய், எரிவாயு, மின்வழி, ஜன்னல் ஆகிய ஐந்தில் கை வைத்தால் மட்டும் தகுதியான ஒருவர் வந்து பார்க்க வேண்டும் என்று எளிய விதியாக்கலாம். பாட்டி காலத்தில் எந்த விதியும் இல்லாமல் நன்றாகத்தானே சமைத்தார்கள் என்பது இன்னொரு மறுப்பு. அந்த அடுப்படி வீட்டின் பின்கட்டில், கொல்லைக்குத் திறந்த கதவோடு இருந்தது; விதி செய்ய வேண்டியதில் பாதியை வீட்டின் அமைப்பே செய்தது. அப்படியும் புகையில் கண் கெட்டவர்கள் பாட்டிகள்தான். அடுக்குமாடியின் நடுவில், மேலும் கீழும் பக்கத்திலும் வேறு குடும்பங்கள் இருக்க, கொல்லையே இல்லாத சமையலறைக்கு அந்தப் பழைய பாதுகாப்பும் இல்லை.

ஆகவே புதுப்பிப்புத் திட்டத்தை மேடைக்கல்லின் நிறத்திலிருந்து தொடங்குவது தலைகீழ் வரிசை. காற்று எங்கே வந்து எங்கே போகும், வாயு கசிந்தால் எங்கே தேங்கும், ஈரக்கை எட்டும் பிளக்குக்குக் கசிவுத் துண்டிப்பான் உண்டா, தண்ணீர் யார் தலைக்கு மேல் ஓடும், இடிக்கும் சுவர் எதைத் தாங்குகிறது என்று முதலில் கேட்க வேண்டும். வரைபடம் அதன் பிறகு. இந்தக் கேள்விகளை நம் நகரங்களின் அனுமதிப் படிவமும் கேட்க வேண்டும். அது கேட்கத் தொடங்கும்வரை, வீட்டில் தினமும் சமைப்பவர் கேட்க வேண்டும். அவர் ஒப்புக்கொள்ளாத வரைபடத்துக்கு வீட்டில் யாரும் சரி என்று சொல்லக் கூடாது.