வைக்கோற்போரும் வட்டுக்கோட்டையும்

யாழ்ப்பாணத்துக் கல்வி வரலாற்றை எழுதும் எம்மவர் பலரும் 1816ஆம் ஆண்டிலிருந்தே தொடங்குவார்கள். அமெரிக்க மிசனரிகள் வந்தார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள், நாம் படித்தோம் என்று கதை ஓடும். வந்தவர்கள் யார், என்ன பேசிக்கொண்டு புறப்பட்டார்கள் என்று நாம் அதிகம் கேட்டதில்லை. அந்தக் கதையின் தொடக்கம் பத்து ஆண்டுகள் முந்தியது. 1806 ஓகஸ்ற் மாதம், அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில், வில்லியம்ஸ் கல்லூரிக்குப் பக்கத்துப் புல்வெளியில் அது தொடங்கியது.

அந்தக் கோடையில் அக்கல்லூரி மாணவர் சிலர் வெளியே தோப்பொன்றில் கூடிச் செபம் செய்வது வழக்கம். ஒரு சனிக்கிழமை பிற்பகல் இடியும் மழையும் வர, ஐந்து பேர் ஒரு வைக்கோற்போரின் ஓரத்தில் ஒதுங்கினார்கள்: சாமுவேல் மில்ஸ், ஜேம்ஸ் றிச்சட்ஸ், பிரான்சிஸ் றொபின்ஸ், ஹாவி லூமிஸ், பைறம் கிறீன். பேச்சு ஆசியாவைப் பற்றியது. நாம் அங்கே போகவேண்டும் என்றார் மில்ஸ். முதலில் அந்த நாடுகள் நாகரிகமடையட்டும், இப்போது போனால் கொன்றுவிடுவார்கள் என்று லூமிஸ் மறுத்தார். ஆசியாவைக் கண்ணாலும் காணாத இளைஞர்கள் அது இருண்ட நிலம் என்று நம்பியே பேசினார்கள். இதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

1808இல் மில்சும் நண்பர்களும் ஒரு இரகசியச் சங்கம் அமைத்தார்கள். அதன் யாப்பைச் சங்கேத எழுத்தில் எழுதி வைத்தார்கள். பின்னர் கல்லூரி முடிய ஆளுக்கொரு திசையானார்கள். யேல் சென்ற மில்ஸ் அங்கே ஒப்புக்காயா என்ற ஹவாய் இளைஞனைச் சந்தித்தார். போரில் தாய் தந்தையரை இழந்து, கப்பலேறி அந்நிய நாட்டுக்கு வந்து சேர்ந்தவன் அவன். மில்ஸ் அவனைத் தன் தகப்பன் வீட்டுக்கு அழைத்துப் போனார். அகதி என்ற சொல்லின் பாரம் தெரிந்த நமக்கு இந்தச் சிறு செய்தி பெரிது.

1810 யூனில் பிராட்போட் நகரில் கூடிய திருச்சபை மூத்தோரிடம், தம்மை வெளிநாட்டுக்கு அனுப்பும்படி மாணவர்கள் மனுக் கொடுத்தார்கள். ஆறு பேர் என்றால் மூத்தோர் செலவை நினைத்துப் பயந்துவிடுவார்கள் என்று இரண்டு பெயர்களை வெட்டினார்கள். அதில் ஒன்று றிச்சட்சின் பெயர். அவ்வாண்டே அமெரிக்க மிசன் சபை பிறந்தது. பெயர் வெட்டப்பட்ட றிச்சட்ஸ் காத்திருந்தார். அந்தக் காலத்தில் மருத்துவமும் கற்றார். 1815இல் டானியல் பூவர், மெய்க்ஸ், வாரன், பாட்வெல் ஆகியோருடன் கப்பலேறி 1816இல் கொழும்பில் இறங்கினார். வைக்கோற்போரின் ஓரத்தில் ஒதுங்கிய ஐவரில் ஆசியாவுக்கு வந்தவர் அவர் ஒருவரே. காசநோயோடு உழைத்து 1822 ஓகஸ்றில் தெல்லிப்பழையில் இறந்தார். மில்ஸ் அதற்கு முன்னரே, 1818இல், ஆபிரிக்காவிலிருந்து திரும்பும் வழியில் கடலில் இறந்திருந்தார்.

1820இல் ஆங்கிலேய அரசு மேலும் அமெரிக்கர் வருவதைத் தடை செய்தது. வந்து சேர்ந்த ஓர் அச்சுத் தொழிலாளியைக்கூட நாட்டைவிட்டுப் போகச் சொன்னது. 1833 வரை தடை நீடித்தது. அந்தக் காலத்தில்தான், இருந்த சிலரைக் கொண்டே, 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும் 1824இல் உடுவில் பெண்கள் பாடசாலையும் எழுந்தன. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி.வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள்.

'கறோல்' என்ற சொல்லில் நாம் கொஞ்சம் நிற்கவேண்டும். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, வைமன் கதிரவேற்பிள்ளை என்றும் பெயர்கள் உண்டு. அமெரிக்காவில் பணம் கொடுத்தவர் விரும்பிய பெயரை இங்கே பிள்ளை சுமந்தான். கல்விக்கு ஒரு விலை இருந்தது. மறுபக்கம், எங்கள் சமூகமும் தன் விலையைக் கேட்டது. மாணவரில் பெரும்பாலோர் வெள்ளாளர். மிசன் வளவுக்குள் உண்ண மறுத்தவர்களுக்கு ஆரம்பத்தில் வேறிடத்தில் சமைக்கவேண்டி வந்தது. சமத்துவம் போதித்தவர்கள் சாதிக்கு இடங்கொடுத்துத்தான் பள்ளி நடத்தினார்கள். ஒடுக்கப்பட்டோர் பள்ளி வாசலில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் காத்திருக்க நேர்ந்ததற்கு இதிலும் ஒரு வேர் உண்டு. ஆங்கிலம் படித்தவர்கள் சபையை விட்டு அரச உத்தியோகத்துக்கே போகிறார்கள் என்று 1855இல் செமினரி மூடப்பட்டது. 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றும்வரை அந்த இடைவெளி இருந்தது.

1983க்குப் பின்னர் எங்கள் வகுப்புத் தோழர்களும் சிதறினார்கள். விடுமுறைக்கு ஊர் போனவர்கள் வளாகத்துக்குத் திரும்பவில்லை. பரிஸ், ரொறன்ரோ, ஒஸ்லோ என்று முகவரிகள் மாறின. மில்சின் நண்பர்கள் விரும்பிப் பிரிந்தார்கள், எங்களைத் துரத்தினார்கள். இரண்டையும் ஒன்றாக்க முடியாது. ஆனாலும் பிரிந்த பிறகும் அவர்கள் கடிதம் எழுதினார்கள், உறுப்பினர் பதிவேடு வைத்தார்கள், எடுத்த காரியத்தை விடவில்லை. றிச்சட்ஸ் இறந்த தெல்லிப்பழையிலிருந்து 1990இல் எம்மக்கள் இடம்பெயர்ந்தார்கள். நிலம் பகுதி பகுதியாகத் திரும்பக் கிடைக்க இருபது ஆண்டுகளுக்கு மேல் சென்றது. அந்த ஊர்களின் பள்ளிகளில் யார் படித்தார்கள், யாரை வெளியே நிறுத்தினோம் என்ற பதிவேட்டை நாமாவது எழுதத் தொடங்கவேண்டும். மறுபடி எழும் வகுப்பறைகளில் எவனுடைய பெயரும் வெட்டப்படாதிருக்க அது உதவும்.