சித்தாமூரில் பாடம் கேட்ட உரைகாரர்

பழங்கால அரசர்களையும் நகரங்களையும் களமாகக் கொண்ட கதைகளை விரும்பி வாசிக்கும் வழக்கம் தமிழகத்தில் வார இதழ்த் தொடர்கதைகளோடு தோன்றியது என்பது பரவலான எண்ணம். அச்சில் வந்த சரித்திர நாவல்களை மட்டும் கணக்கில் கொண்டால், அவ்வழக்கின் வயது 1895இல் வெளிவந்த தி. த. சரவணமுத்துப் பிள்ளையின் ‘மோகனாங்கி’யோடு தொடங்கும். ஆனால் தம் காலத்துக்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் முந்தியதொரு காலத்தில் நடந்ததாகச் சொல்லப்படும் அரசகுமாரன் ஒருவனின் கதையைச் சோழர் காலத்துத் தமிழர் ஏட்டில் படித்துச் சுவைத்தனர் என்பதையும், அக்கதையைப் படிக்கும் உரிமை யாருக்கு, படிக்கும் முறை எது என்பன பற்றி அவர்கள் கடுமையாக வாதிட்டனர் என்பதையும் நோக்கினால், வழக்கின் வேர் மிகவும் பின்னே செல்கிறது. அந்த வாதத்தின் முக்கியமான ஓர் அத்தியாயம், செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட மேல்சித்தாமூரோடு தொடர்புடையது.

மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமான ஜினகாஞ்சி மடம் அமைந்துள்ள ஊர். மடத்தின் தலைவர் பட்டாரகர் எனப்படுவார். இலட்சுமிசேனர் என்பது அப்பீடத்தில் அமர்பவர் ஏற்கும் பட்டப்பெயர். இங்குள்ள மலைநாதர் கோயிலின் பாறையில் பார்சுவநாதர், பாகுபலி முதலியோரின் உருவங்கள் 9ஆம் நூற்றாண்டளவில் செதுக்கப்பட்டிருப்பதால், மடத்தின் வரலாறு எப்போது தொடங்கினாலும், ஊரின் சமணத் தொடர்பு அதனினும் பழையது என்பதில் ஐயமில்லை. மடத்தின் ஏட்டுச்சுவடிச் சேமிப்பும் பெயர் பெற்றது. உணவு, அடைக்கலம், மருந்து ஆகியவற்றோடு நூலையும் தானப்பொருளாக வைத்து, சுவடியைப் படியெடுத்து வழங்குவதைச் ‘சாத்திர தானம்’ எனப் போற்றும் சமயத்தில், நூலகம் என்பது வழிபாட்டின் ஓர் உறுப்பே ஆகும்.

இவ்வூரைப் பற்றி வழிவழியாக வழங்கிவந்து, உ. வே. சாமிநாதையரின் சிந்தாமணிப் பதிப்பு வழியே பரவலாக அறியப்பட்ட செவிவழிச் செய்தி ஒன்று உண்டு. மதுரை அந்தணரும் சைவருமான நச்சினார்க்கினியர், 14ஆம் நூற்றாண்டில், சீவக சிந்தாமணிக்கு உரை எழுதிச் சமணப் புலவர்களிடம் காட்டியபோது அவர்கள் அதை ஏற்க மறுத்தனர் என்றும், அதன்பின் அவர் சித்தாமூர்ச் சமண மடத்துக்குச் சென்று, சமணரைப் போலவே ஒழுகி, அவர்களுடைய நூல்களைக் கற்று, மீண்டும் ஓர் உரை எழுதினார் என்றும், இரண்டாவது உரையே ஒப்புக்கொள்ளப்பட்டது என்றும் அச்செய்தி கூறும். தொல்காப்பியத்தையும் பத்துப்பாட்டையும் கலித்தொகையையும் தம் உரைகளால் ஆண்ட ஒருவரை ஒரு கதை நூல் மாணாக்கர் ஆக்கியது என்பதுதான் இதன் சாரம்.

அக்கதை நூலின் தன்மையை அறிந்தால் இச்செய்தியின் பொருள் விளங்கும். திருத்தக்கதேவர் இயற்றிய சிந்தாமணி, இலம்பகம் எனப்படும் 13 பெரும்பிரிவுகளும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தப் பாக்களும் கொண்டது. அமைச்சன் கட்டியங்காரனின் சூழ்ச்சியால் சச்சந்தன் என்னும் அரசன் மடிகிறான். அவன் தேவி விசயை மயில் வடிவிலான பறக்கும் பொறியில் தப்பிச் சுடுகாட்டில் சீவகனைப் பெறுகிறாள். வணிகன் கந்துக்கடன் வீட்டில் வளரும் சீவகன் கலைகள் கற்று, மணங்கள் பல முடித்து, நாட்டை மீட்டு, இறுதியில் எல்லாவற்றையும் துறக்கிறான். துறவு மகாவீரரின் சபையில் நிகழ்கிறது. மகத மன்னன் சேணிகனும், அதாவது வரலாற்று நூல்கள் பிம்பிசாரன் என்று குறிக்கும் அரசனும், கதையின் முடிவில் தோன்றுகிறான். ஆகவே கதையின் காலம் கி.மு. 6ஆம் அல்லது 5ஆம் நூற்றாண்டு. காவியத்தின் காலமோ கி.பி. 9ஆம் அல்லது 10ஆம் நூற்றாண்டு. சீவகன் கதை, 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குணபத்திரர் வடமொழியில் செய்த உத்தரபுராணத்திலும் இடம்பெற்றது. தமிழ்க் கவிஞர் புதிதாகப் புனைந்தது கதையை அன்று, அதன் உலகத்தை.

அந்த உலகம் ஏறக்குறைய முழுவதும் தமிழ் உலகம். கதைப்படி ஏமாங்கதம் தமிழகத்துக்குப் புறம்பான நாடு. எனினும் அங்கே தென்னையின் முற்றிய காய் விழுந்து, கமுகின் குலையும் தேனடையும் பலாவும் மாவும் வாழையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சிதறும் காட்சி, காவிரிக் கரைத் தோப்பில் நின்று பார்த்தவரின் காட்சி. மதிலின் மேல் வைக்கப்பட்ட போர்ப்பொறிகளும் மாடங்களும் வீதிகளும் அவ்வாறே. இன்றைய திறனாய்வாளர் இதைக் காலவழு என்று குறை கூறக்கூடும். ஆனால் பழைய உலகம் ஒன்றைத் தன் காலத்து நெல்லாலும் நீராலும் நிரப்பாமல் எழுதிக் காட்டிய சரித்திரக் கதாசிரியர் எக்காலத்திலும் அரியர் என்பதால், அக்குறை பெரிதாகத் தோன்றவில்லை. மேலோட்டமாகப் படிப்பவருக்குத் தன் ஊராகவே தெரியும் அவ்வுலகின் அடியில், வினை, பிறவிச் சுழல், சல்லேகனை (உண்ணாநோன்பிருந்து உயிர்விடுதல்), சமவசரணம் (தீர்த்தங்கரர் அறம் உரைக்கும் அவை) என்று முற்றிலும் வேறான ஒரு கட்டுமானம் இருப்பதுதான் வாசகருக்கு நேரும் உண்மையான இடர். நச்சினார்க்கினியரின் முதல் உரை அவ்விடத்தில்தான் தடுக்கியிருக்க வேண்டும்.

இந்நூலை அரசனே விரும்பிப் படித்தான் என்பதற்கும் ஒரு மரபு சான்று கூறுகிறது. உமாபதி சிவாசாரியார் பெயரால் வழங்கும் சேக்கிழார் புராணம், அநபாயச் சோழன், அதாவது 12ஆம் நூற்றாண்டின் இரண்டாம் குலோத்துங்கன், சிந்தாமணியில் மனம் தோய்ந்திருந்ததைக் கண்ட அமைச்சர் சேக்கிழார், அது பொய்க்கதை என்றும் சிவனடியார் வரலாறே இம்மைக்கும் மறுமைக்கும் உறுதி என்றும் எடுத்துரைத்ததாகவும், அதன் பயனாகப் பெரியபுராணம் பிறந்ததாகவும் கூறும். இந்நிகழ்ச்சி இப்படியே நடந்ததோ இல்லையோ, ஒரு கதை நூலை வெல்ல மற்றொரு பெருங்கதை நூலே வேண்டும் என்று அக்காலத்தவர் கருதினர் என்பது இதில் வெளிப்படை.

சித்தாமூர்ச் செய்தியின் நம்பகத்தைப் பொறுத்தவரை எச்சரிக்கை தேவை. செஞ்சிப் பகுதிச் சமணரிடையே வழங்கும் வேறொரு கதை, 1478ஆம் ஆண்டளவில் செஞ்சியை ஆண்ட நாயக்கன் ஒருவன் சமணர்களைக் கொடுமைப்படுத்தியதாகவும், பலர் நீறு பூசிச் சைவராகத் தம்மை மறைத்துக்கொண்டதாகவும், பின்னர் தாயனூர் உடையார் ஒருவரும் வீரசேனாசாரியரும் சமயத்தை மீண்டும் நிலைநிறுத்தியதாகவும் சொல்கிறது. செஞ்சி நாயக்கர் ஆட்சி 16ஆம் நூற்றாண்டில்தான் உறுதிபெற்றது என்பதால் அக்கதையின் ஆண்டுக் கணக்கே இடிக்கிறது. நினைவில் வாழும் வரலாறு, ஆளையும் ஊரையும் விடாமல் பிடித்துக்கொண்டு ஆண்டை நழுவவிடும் இயல்புடையது. ஆகவே நச்சினார்க்கினியர் காலத்தில் மடம் இன்றைய வடிவில் சித்தாமூரில் இருந்தது என்று செவிவழிச் செய்தியை மட்டும் கொண்டு முடிவுகட்ட முடியாது. ஆயினும் அவர் உரை சமணக் கோட்பாட்டை உள்ளிருந்து அறிந்தவரின் உரையாக விளங்குவதும், சைவர் ஒருவரின் அந்த உரையோடேயே சமணர்கள் பிற்காலத்தில் அந்நூலைப் படித்துவந்ததும் மறுக்க முடியாதவை.

ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின் அதே பாடம் மறுபடியும் நடந்தது. 1880இல் கும்பகோணத்தில் முனிசீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியார் தூண்டியதால் சிந்தாமணியைக் கையில் எடுத்த சாமிநாதையர், தாம் கற்ற தலபுராணங்களும் அந்தாதிகளும் அங்கே துணைவரவில்லை என்பதை உணர்ந்தார். அவ்வூரில் வாழ்ந்த சமணர்களை அவர் நாடிச் சென்றபோது, ஒரு வீட்டில் ஆறு மாதமாக நடந்த சிந்தாமணி வாசிப்பு அன்று நிறைவுற்றதையொட்டிச் சிறப்பு நடந்துகொண்டிருந்ததைக் கண்டார். புலவர் உலகம் ஏறத்தாழ மறந்துவிட்ட ஒரு நூல், வணிகர் இல்லங்களில் பாராயண நூலாக, அதாவது முறைவைத்துப் படித்துப் பொருள் சொல்லி முடிக்கும் புனித நூலாக வாழ்ந்துகொண்டிருந்தது. சந்திரநாத செட்டியாரும் வீடூர் அப்பாசாமி நயினாரும் அவருக்கு ஐயம் தீர்த்தவர்கள். வீடூர், சித்தாமூரைப் போலவே திண்டிவனம் வட்டாரத்துச் சமணர் ஊர்களுள் ஒன்று. சாமிநாதையரின் ஆர்வத்தைக் கண்டு சமண வீட்டார் அவரைப் ‘பவ்ய ஜீவன்’, அதாவது வீடுபேற்றுக்குத் தகுதியுள்ள உயிர், என்று வியந்ததை ‘என் சரித்திரம்’ பதிவுசெய்கிறது.

1868இல் ஹென்றி பவர் பாதிரியார் முதல் இலம்பகத்தை மட்டும் வெளியிட்டிருந்தார்; முழு நூலும் நச்சினார்க்கினியர் உரையோடு 1887இல் சாமிநாதையரால் வெளிவந்தது. அவ்வுரையில் பெயர் சுட்டாமல் ஆளப்பட்ட மேற்கோள்களின் மூலத்தைத் தேடிச் சென்றதே அவரைப் பத்துப்பாட்டுக்கும் பிற சங்க நூல்களுக்கும் கொண்டுசேர்த்தது. 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும் அச்சேறின. 20ஆம் நூற்றாண்டின் சரித்திர நாவலாசிரியர்கள் கையாண்ட பண்டைத் தமிழுலகம் இப்பதிப்புகளிலிருந்தும் கல்வெட்டுத் தொகுதிகளிலிருந்துமே கிடைத்தது.

அந்நாவல்களில் செஞ்சி வட்டாரத்துக்கு நெருங்கிய ஒன்று, 1944இல் தொடராக வரத் தொடங்கிய கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’. அதன் மகேந்திர பல்லவன், செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றிக் கோயில் அமைத்ததாக விசித்திரசித்தன் என்ற பெயரில் கல்வெட்டுப் பொறித்த மண்டகப்பட்டு, செஞ்சிக்கு அண்மையில் உள்ளது. செஞ்சிக்கு அருகிலேயே திருநாதர்குன்றில், இருபத்துநான்கு தீர்த்தங்கரர் உருவங்களுக்கு அருகில், சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாதிருந்து உயிர்நீத்த செய்தி மகேந்திரனுக்கு முற்பட்டதாகக் கருதப்படும் எழுத்தில் உள்ளது. முதல் இடம் நாவலுக்குள் எளிதாக நுழைந்துவிடும், இரண்டாவது நுழையாது. மகேந்திரன் சமணத்திலிருந்து சைவத்துக்கு வந்த நிகழ்ச்சியை நாவல் வாசகர் திருநாவுக்கரசரின் பக்கமிருந்தே காண்கிறார். அப்பார்வைக்கு மூலம், சமணத்தை விட்டுச் சைவனான காடவன், அதாவது பல்லவ மன்னன், தமிழகத்துப் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை இடித்து, அப்பொருள்களால் திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்தான் என்று கூறும் நூல். அதுவோ, சோழ அரசன் ஒருவனைச் சிந்தாமணியிலிருந்து மீட்பதற்காக எழுதப்பட்டதாக மரபு சொல்லும் பெரியபுராணம்.