வழக்குமன்றத்துக்கு முன் ஒரு விடுதி: துர்காபாய் தேஷ்முக்கும் வீட்டைவிட்டு வெளியேறும் பெண்ணும்

தில்லித் தமிழர்களுக்கு லோதி எஸ்டேட் என்றதும் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி நினைவுக்கு வரும். ஆய்வாளர்களுக்கு லோதி ரோட்டை ஒட்டிய நூலகங்களும் கருத்தரங்கக் கூடங்களும் நினைவுக்கு வரும். அதே லோதி எஸ்டேட்டின் 53ஆம் எண் வளாகத்தில் சமூக வளர்ச்சி மன்றம் இயங்கிவருகிறது. 1962இல் ஓர் ஆய்வுக் குழுவாக அதனைத் தொடங்கியவர் துர்காபாய் தேஷ்முக் (1909–1981). அவருடைய பெயரைச் சென்னையில் அடையாறு ஆந்திர மகிள சபா மருத்துவமனையும் அதை ஒட்டிய சாலையும் தாங்கி நிற்கின்றன. தில்லி மெட்ரோவிலும் ஒரு நிலையத்துக்கு அவர் பெயர் உண்டு. பெயர் இவ்வளவு புழங்கினாலும், குடும்ப வன்முறை குறித்த நம் விவாதங்களில் அவர் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

இதற்குக் காரணம் உண்டு. இவ்வரலாற்றை நாம் சட்டங்களின் வரிசையாகவே எழுதிப் பழகியிருக்கிறோம்: 1983இல் இந்திய தண்டனைச் சட்டத்தின் 498-அ பிரிவு, 1984இல் குடும்ப நீதிமன்றச் சட்டம், 2005இல் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம். துர்காபாயின் வாழ்வையும் பணியையும் தொடர்ந்து பார்த்தால் வேறொரு வரிசை புலப்படும். தங்க ஓர் இடம், பிறகு படிப்பு, பிறகு வேலை. இவை அமைந்த பின்னரே சட்டம் ஒரு பெண்ணின் கைக்கு எட்டும் என்பது அவ்வரிசை.

இராஜமுந்திரியில் பிறந்த துர்காபாய்க்கு எட்டு வயதில் திருமணம் நடந்தது. விவரம் தெரிந்த வயதில், அந்த மணவாழ்வில் தமக்கு விருப்பமில்லை என்று கணவரிடம் தாமே கூறி விலகினார். அவர் வேறு திருமணம் செய்துகொள்ளவும் இசைந்தார். தந்தையும் தம்பியும் அம்முடிவுக்குத் துணை நின்றனர். பல ஆண்டுகளுக்குப் பின் அக்கணவர் இறந்தபோது, ஆதரவின்றி நின்ற அவருடைய இரண்டாம் மனைவி துர்காபாயிடமே வந்தார். துர்காபாய் அவரை ஆந்திர மகிள சபாவில் சேர்த்துத் தொழிற்பயிற்சி பெறச் செய்தார். பின்னர் அவர் கைவினைப் பயிற்சி ஆசிரியையாக வேலைக்கு அமர்ந்தார். துர்காபாய் தம் தன்வரலாற்று நூலில் பதிவுசெய்துள்ள இச்செய்தியைப் பெருந்தன்மைக்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். அதைவிட முக்கியமானது, உதவி எந்த வடிவம் எடுத்தது என்பது. அது ஒரு முறை தந்த பணமோ ஆறுதலோ அன்று. ஒருவர் தம் காலில் நிற்கும்வரை நீடித்த துணை.

இந்தப் புரிதலுக்குச் சிறையும் ஒரு பள்ளியாயிற்று. 1930இல் சென்னையில் உப்புச் சத்தியாகிரகத்தில் ஈடுபட்டுக் கைதான அவர், 1933க்குள் மூன்று முறை சிறை சென்றார். மதுரைச் சிறையின் தனிமை அறை அவர் உடல்நலத்தைக் குலைத்தது. வேலூர்ச் சிறையில் அவர் சந்தித்தவர்களுள் எழுத்தறிவற்ற பெண் கைதிகள் பலர். கொலைக் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவர்களும் அவர்களில் இருந்தனர். தம் தரப்பை எடுத்துச் சொல்லும் வழியறியாது சிறைக்கு வந்த அப்பெண்களைக் கண்டதே, சட்டம் படிக்க வேண்டும் என்ற எண்ணத்தைத் தமக்குத் தந்தது என்கிறார். நீதிமன்றம் இருந்தது, சட்டமும் இருந்தது. பேசக் கற்றுத்தரவும் உடன் நிற்கவும் ஆள் இல்லை.

ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்கு விண்ணப்பித்தபோது, பெண்களுக்கு விடுதி இல்லை என்று இடம் மறுக்கப்பட்டது. விடுதி இன்மையால் படிப்பைத் தொடர முடியாத பெண்கள் தம்மைத் தொடர்புகொள்ளுமாறு துர்காபாய் செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தார். முன்வந்தவர்களைச் சேர்த்துத் தாமே ஒரு விடுதியை ஏற்படுத்திய பிறகு கல்லூரியில் இடம் கிடைத்தது. 1937இல் சென்னையில் உருவான ஆந்திர மகிள சபாவும் இவ்வழியில்தான் வளர்ந்தது. பள்ளியில் படிக்க இயலாமற்போன பெண்களைக் கூட்டி, காசிப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வுக்கு ஆயத்தப்படுத்துவது அதன் தொடக்கக்காலப் பணிகளுள் ஒன்று. தாமும் அத்தேர்வைத் தனியாகப் படித்து எழுதியவர் என்பதால், பாதியில் நின்ற படிப்பை மீண்டும் தொடங்குவதன் கடினம் அவருக்குத் தெரிந்திருந்தது.

சென்னைக்கு இது புதிய மரபன்று. இளம் வயதில் கைம்மை அடைந்து, 1911இல் பட்டம் பெற்ற சகோதரி சுப்புலட்சுமி, அடுத்த ஆண்டே இளம் கைம்பெண்களுக்கான இல்லத்தைத் தொடங்கி அவர்களைப் படிக்கவைத்தார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் அவ்வை இல்லமும் உறைவிடத்தையும் கல்வியையும் பிரிக்கவில்லை. இம்மரபை நாடு தழுவிய அரசுத் திட்டமாக்க முயன்றவர் துர்காபாய். 1953இல் மத்திய சமூக நல வாரியம் அமைந்தபோது அவர் அதன் முதல் தலைவரானார். தன்னார்வ நிறுவனங்களுக்கு அரசு நிதி செல்லும் வாய்க்காலாக அது இயங்கியது. 1958இல் வாரியம் தொடங்கிய வயதுவந்த பெண்களுக்கான சுருக்கப் பாடத்திட்டம், ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் ஒரு பெண்ணைப் பள்ளியிறுதித் தேர்வுக்குக் கொண்டுசேர்க்க முனைந்தது. தேர்ச்சி பெற்றவர் செவிலியாகவோ ஆசிரியையாகவோ கிராமசேவிகாவாகவோ பயிற்சிக்குச் செல்லலாம். மயிலாப்பூர்ப் பகுதியில் சில பெண்களுக்காக உருவான முறை, நாட்டின் திட்டமாயிற்று.

குடும்ப நீதிமன்றம் பற்றிய சிந்தனையும் இக்காலத்ததே. 1953இல் சீனாவுக்குச் சென்ற துர்காபாய் அங்குள்ள குடும்ப நீதிமன்றங்களைப் பார்த்தார், திரும்பியபின் எம்.சி. சாக்ளா, பி.பி. கஜேந்திரகட்கர் ஆகிய நீதிபதிகளுடனும் பிரதமர் நேருவுடனும் அது பற்றி உரையாடினார். அவர் மறைந்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 1984இல், சட்டம் நிறைவேறியது.

ஆனால் நிறைவேறிய சட்டத்தின் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது? அதன் நோக்கவுரை சமரசத்தை முதன்மைப்படுத்துகிறது. 9ஆம் பிரிவு, தீர்ப்புக்கு முன் உடன்பாட்டுக்கு முயல்வதை நீதிமன்றத்தின் கடமையாக்குகிறது. நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும்போது திருமண அமைப்பைப் பேணிக் காப்பதில் பற்றுள்ளவர்கள் அமைய முயல வேண்டும் என்று 4ஆம் பிரிவு கூறுகிறது. பெண்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. அடிபட்டு வந்த பெண்ணுக்கு இவ்விரண்டும் ஒரே திசையில் உதவுவன அல்ல. திரும்பிச் செல்ல ஒரு வீடு மட்டுமே உள்ள பெண்ணுக்குச் சமரசம் என்பது தெரிவு அன்று, வேறு வழியின்மை. சொந்த வருமானமும் தங்குமிடமும் உள்ள பெண்தான் சமரசத்தை ஏற்கவோ மறுக்கவோ முடியும். நீதிமன்றம் மட்டும் அமைந்து, அதற்கு முன்னுள்ள படிகள் தளர்ந்தால் என்னவாகும் என்பதை இச்சட்டம் காட்டுகிறது.

2005ஆம் ஆண்டுச் சட்டம் இதை ஓரளவு உணர்ந்தது. பொதுவில் வாழ்ந்த இல்லத்தில் தங்கும் உரிமை, பாதுகாப்பு அலுவலர், தங்கும் இல்லம், சேவை வழங்குநராகப் பதிவுசெய்யும் தன்னார்வ அமைப்பு ஆகியவற்றுக்கு அது இடம் தந்தது. பெண்ணுக்கும் நீதிமன்றத்துக்கும் நடுவே ஒருவர் தேவை என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டது. எனினும் நீதிமன்ற ஆணை வந்த மறுநாள் தொடங்கும் நீண்ட காலத்தைப் பற்றி அது அதிகம் பேசவில்லை.

நம் மொழியும் இங்கே கவனத்துக்குரியது. கணவனைப் பிரிந்து வாழும் பெண்ணை 'வாழாவெட்டி' என்கிறது பேச்சுவழக்கு. அதற்கு இணையாக ஆணைச் சுட்டும் வசைச்சொல் இல்லை. அரசுப் படிவங்களில் 'கணவனால் கைவிடப்பட்டவர்' என்று இருக்கிறது. முன்னது வாழ்வையே மறுக்கிறது. பின்னது இரக்கமுடையது; ஆயினும் செயப்பாட்டு வினையில் நிற்கிறது. வன்முறையைப் பொறுக்காமல் தானே வெளியேறிய பெண், அந்தப் படிவத்தில் தன் செயலுக்குத் தானே எழுவாயாக இருக்க இடமில்லை. உதவி பெற அவள் 'கைவிடப்பட்டவள்' ஆக வேண்டியிருக்கிறது. எட்டு வயதில் மணமாகி, தாமே பேசி விலகிய துர்காபாயை இவ்விரு சொற்களுள் எதில் அடக்குவது?

மத்திய சமூக நல வாரியம் 2022இல் மூடப்பட்டது. அதன் சுருக்கப் பாடத்திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் படித்துச் செவிலியராகவும் ஆசிரியைகளாகவும் ஆன பெண்கள் இன்று முதுமையில் இருக்கிறார்கள். எந்த வீட்டிலிருந்து வந்தார்கள், யார் அழைத்துவந்தார்கள், இரண்டு ஆண்டுகள் யார் உடன் நின்றார்கள் என்பதைத் திட்ட அறிக்கைகளில் காண முடியாது; அவர்கள்தாம் சொல்ல வேண்டும். பெண்கல்வி, சமூகப்பணி, வாய்மொழி வரலாறு ஆகிய துறைகளில் ஆய்வுத் தலைப்புத் தேடும் மாணவர்கள் இதனை எடுத்துக்கொள்ளலாம். உங்கள் ஊர்ப் பள்ளியிலோ மருத்துவமனையிலோ பணியாற்றி ஓய்வுபெற்ற அத்தகைய ஒருவரை நீங்கள் அறிந்திருக்கக்கூடும். அவர் பேசும் காலத்திலேயே அவரைக் கேட்டுப் பதிவுசெய்யுங்கள்.