தொடையென்பும் தமிழ் வழி மருத்துவமும்

1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தவர். அவரது ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இல் வெளிவந்தது. மருத்துவ அறிவு மக்களின் மொழியில் வழங்கவேண்டும் என்பதே அவர் கொள்கை. அதன் பெறுமதியை அண்மைக்கால நோயொன்று மீண்டும் உணர்த்துகின்றது.

தொடையென்பின் உருண்டைத் தலை இடுப்புக் குழியினுட் பொருந்திச் சுழல்கின்றது. அதற்குரிய குருதியின் பெரும்பகுதி என்பின் கழுத்தோரமாகச் செல்லும் மெல்லிய குழாய்களின் வழியே வருகின்றது. அக்குழாய்கள் அடைபடின் என்பு இறக்கும். காலப்போக்கில் உடற்பாரந் தாங்காது தலை நொறுங்கும்.

1948இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில், கோட்டிசோன் என்னும் ஸ்டீரொயிட் மருந்து மூட்டுவாத நோயாளி ஒருவருக்கு முதன்முதலாக வழங்கப்பட்டது. 1950இல் அதன் ஆய்வாளருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எனினும், இம்மருந்து பெற்றோரிடம் தொடையென்புத் தலை இறத்தல் 1957இலேயே பதிவாயிற்று. 2003இல் சார்ஸ் நோய்க்குப் பெருமளவு ஸ்டீரொயிட் பெற்று உயிர்தப்பிய சீன நோயாளர் பலரும் பின்னர் இவ்வாறே துன்புற்றனர்.

2020இல் கொரோனாவுக்கு டெக்சாமெதசோன் பயன்படுவதைப் பிரித்தானிய ஆய்வொன்று நிறுவியது. நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் வீதம் வழங்கப்பட்டபோது, செயற்கைச் சுவாசம் பெற்றோரின் இறப்பு மூன்றிலொரு பங்கு குறைந்தது. மறுஆண்டில் மும்பை இந்துஜா மருத்துவமனை வைத்தியர்கள், கொரோனாவிலிருந்து மீண்ட மூவரின் தொடையென்புத் தலை இறந்தமையை வெளியிட்டனர். நோய் அறியப்பட்டுச் சராசரி 58 நாட்களில் நோவு தோன்றிற்று. அவர்கள் பெற்ற மருந்தின் அளவும் முன்னைய பதிவுகளிற் கண்டதினும் குறைவு. குருதியை உறையச் செய்யும் கொரோனாவின் இயல்பும் இதற்குத் துணைசெய்திருக்கலாம்.

இதுகொண்டு உயிர்காத்த மருந்தைப் பழித்தல் பொருந்தாது. உரிய அளவிலும் காலத்திலும் வழங்குவதும், பின்விளைவை முன்னரே உரைப்பதுமே வேண்டற்பாலன. தொடக்கத்தில் எக்ஸ்ரே படத்தில் இந்நோய் புலப்படாதிருக்கலாம். காந்த அதிர்வுப் படம் காட்டிவிடும். காலத்தே அறியின் மூட்டைக் காக்க வழியுண்டு. பிந்தினாற் செயற்கை மூட்டே கதியாகலாம்.

வெங்காயத் தோட்டத்திற் குந்தியிருந்து களைபிடுங்கும் யாழ்ப்பாணத்தவர்க்கு இடுப்பு மூட்டே பிழைப்பு. “தொடையிடுக்கில் நோவு கண்டால் தாமதியாது வருக” என்று வீடு திரும்பும் நோயாளிக்கு அவர் மொழியிற் சொல்லும் ஒரு வாசகம் அப்பிழைப்பைக் காக்கும். மானிப்பாயிற் கிறீன் தொடங்கிய பணி இன்னும் முற்றுப்பெறவில்லை.