மாகிம் விரிகுடாக் கடலரிப்பும் இரண்டு கோட்டைகளும்

மும்பையின் மேற்குக் கரையில், வடக்கே பாந்த்ரா முனைக்கும் தெற்கே ஒர்லி முனைக்கும் நடுவே கடல் உள்வாங்கிக் கிடக்கும் இடம் மாகிம் விரிகுடா. தாராவியைத் தொட்டுக்கொண்டு வரும் மித்தி ஆறு இங்கேதான் கடலில் கலக்கிறது. இரு முனைகளிலும் ஒவ்வொரு கோட்டை நிற்கிறது. ஆற்றின் வாயில் மாகிம் கோட்டை, உள்ளே தாராவியில் காலா கில்லா. கரையிலும் அதையொட்டிய தெருக்களிலும் மக்தூம் அலி மாகிமி தர்கா, புனித மிக்கேல் தேவாலயம், தாதரில் அம்பேத்கரின் சைத்ய பூமி. எழுநூறு ஆண்டு வரலாறு அடுத்தடுத்து நிற்கும் இந்தக் கரையில் மணல் குறைந்துகொண்டே வருகிறது.

மாகிம் கோட்டையின் மதிலை அலை அறைகிறது. காலா கில்லாவின் மதிலைத் தொடத் தண்ணீரே இல்லை, சுற்றிலும் வீடுகள். இரண்டுமே ஒரே நீர்வழியைக் காவல் காக்க எழுந்தவை. ஒன்றின் அடித்தளத்தைக் கடல் அரிக்கிறது, மற்றொன்றை விட்டு ஆறு விலகிப் போய்விட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தக் கரைக்கு என்ன நேர்ந்தது என்பது விளங்கும்.

மாகிமின் பழைய பெயர் மகிகாவதி. 13ஆம் நூற்றாண்டில் பீம்தேவ் என்ற மன்னனின் தலைநகராக இருந்ததென்று மரபு சொல்கிறது. பிறகு குஜராத் சுல்தான்கள் ஆண்டார்கள். 1431இல் மறைந்த சூஃபி அறிஞர் மக்தூம் அலி மாகிமியின் அடக்கத்தலம் அந்தக் காலத்தின் சின்னம். 1534இல் போர்த்துக்கீசியர் வந்தனர். 1661இல் போர்த்துக்கீசிய இளவரசி கேத்தரினுக்கும் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸுக்கும் திருமண ஒப்பந்தம் ஆனபோது பம்பாய்த் தீவுகள் சீதனமாகப் போயின. 1668இல் மன்னர் அவற்றை ஆண்டுக்கு 10 பவுன் குத்தகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விட்டார்.

1684இல் ஆங்கிலேயர் தரப்பில் தாமஸ் கிரந்தம் மாகிம் கோட்டையை வலுப்படுத்தினார். மித்தி கடலில் கலக்கும் கழியின் அக்கரை போர்த்துக்கீசியர் கையில் இருந்ததால் அந்தக் கழிதான் எல்லை. தாராவிக் கோட்டையின் பிறப்புக்கும் ஓர் அச்சமே காரணம். 1737இல் மராத்தியர் தாணேயைக் கைப்பற்றி, பம்பாய்க்கு வடக்கே உள்ள சாஷ்டித் தீவுக்குள் நுழைந்தார்கள். அதே ஆண்டில் பம்பாய் ஆளுநர் ஜான் ஹார்னின் ஆணைப்படி காலா கில்லா கட்டப்பட்டதை அதன் மதிலில் பதித்த கல் சொல்கிறது. ரீவா கோட்டை என்றும் அதற்குப் பெயர் உண்டு. அன்று அந்த மதிலுக்கு எதிரே நீரும் சேறும் அலையாத்தி மரங்களுமே இருந்தன.

அன்றைய மாகிம் கரை தென்னந்தோப்புகளுக்குப் பெயர்பெற்றது. பண்டாரி சமூகத்தார் அங்கே கள் இறக்கினார்கள், கோலி மீனவர்கள் வலை வீசினார்கள். இத்தகைய கரையில் மணல் ஓயாமல் இடம் மாறும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தின் முரட்டு அலைகள் அதை வாரிக் கடலுக்குள் கொண்டுபோகும், மழை ஓய்ந்ததும் மெல்லிய அலைகள் திருப்பிக் கொண்டுவரும். பின்னால் இருக்கும் மணல்மேடுதான் கடற்கரையின் பத்தாயம். மழைக்காலத்துக்கு வேண்டியதை அது கொடுக்கும், கோடையில் திரும்ப நிரம்பும். அடும்புக்கொடியும் இராவணன் மீசையும் அந்த மணலைப் பிடித்து வைத்திருக்கும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்த குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பனையும் முந்திரியும் வேர்விட்டு நிற்கும் செம்மணல் தேரியைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள்.

பத்தாயம் இருந்த இடத்தில் வீடும் சாலையும் சுவரும் வந்துவிட்டால் கடல் எடுப்பதை ஈடுசெய்ய ஒன்றும் இராது. அதோடு, செங்குத்தான கல்சுவரில் மோதித் திரும்பும் அலை சுவரின் காலடி மணலையும் பறித்துக்கொண்டு போகும். மும்பையில் ஓதத்தின் ஏற்ற இறக்கமும் பெரிது. மழைக்காலத்தில் 4.5 மீட்டருக்கு மேல் ஓதம் ஏறும் நாட்களை மாநகராட்சி முன்கூட்டியே அறிவிக்கிறது. அந்த நாட்களில் தாதர், மாகிம் கரைகளில் அலை சுவரைத் தாண்டி எகிறுவதைப் பார்க்கலாம்.

கடலை நிரப்பி நிலமாக்கிய வரலாறுதான் மும்பையின் வரலாறு. ஏழு தீவுகள் ஒரே நிலமாயின. 1780களில் ஹார்ன்பி அணை ஒர்லிப் பக்கத்து உடைப்பை அடைத்தது. 1845இல் மாகிமுக்கும் பாந்த்ராவுக்கும் இடையே கழியின் மேல் சாலை வந்தது. அதற்கு 1,57,000 ரூபாய் கொடுத்தவர் வணிகர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயின் மனைவி அவாபாய். படகு கவிழ்ந்து மக்கள் மாண்டுகொண்டிருந்த இடத்தில் சுங்கமின்றி நடந்து போக வழி செய்த நல்ல காரியம் அது. ஆனால் கழியின் வாய் குறுகியது அன்றிலிருந்துதான். 1860இல் விகார் ஏரி கட்டி முடிந்தபோது மித்தியின் தலைப்பகுதியும் அணைக்குள் போனது. வெறும் 18 கிலோமீட்டர் நீளமுள்ள சிற்றாறு மேலேயும் கீழேயும் கட்டுண்டது.

தாராவியில் நடந்தது வேறு வகையான நிரப்பல். 1909ஆம் ஆண்டு பம்பாய் கெஜட்டியர் அதைக் கோலி மீனவர்களின் பெரிய குடியிருப்புகளான கோலிவாடாக்கள் ஆறில் ஒன்றாகக் குறிக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோல் பதனிடும் தொழில் அங்கே வந்தது, அதோடு தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர்களும் வந்தார்கள். மண்ணும் குப்பையும் கொட்டிச் சதுப்பை மேடாக்கி, அதன் மேல் குடிசை போட்டார்கள் அவர்கள். நகரம் அவர்களுக்கு வேறு இடம் தரவில்லை. கழி சுருங்கச் சுருங்க கோலியரின் மீன்பிடி அழிந்தது, காலா கில்லா நிலத்துக்குள் மாட்டிக்கொண்டது. பிழைக்க வந்தவன் கூடை கூடையாகக் கொட்டிய மண்ணையும், பிறகு அரசும் நிறுவனங்களும் நூற்றுக்கணக்கான ஏக்கரில் கொட்டிய மண்ணையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. 1970களில் பாந்த்ராக் கரை நிரப்பப்பட்டது. மித்தியின் வடகரைச் சதுப்பில் பாந்த்ரா–குர்லா வணிக வளாகம் எழுந்தது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, போக்கிடம் இல்லாத மித்தி நகருக்குள் ஏறியது.

2009இல் விரிகுடாவின் வாயின் குறுக்கே 5.6 கிலோமீட்டர் கடல் பாலம் திறக்கப்பட்டது. அதன் தூண்களும் பாந்த்ராவில் அதற்காக நிரப்பிய நிலமும் நீரோட்டத்தைத் திருப்பிவிட்டன என்பது கோலி மீனவர்களின் நீண்ட காலக் குறை. தெற்கே ஒர்லிவரை கடலை நிரப்பிப் போட்ட கடற்கரைச் சாலை 2024இல் திறக்கப்பட்டது. எந்தக் கட்டுமானம் எவ்வளவு மணலைப் பறித்தது என்று பிரித்துக் கணக்குச் சொல்வது கடினம். ஆனால் ஓரிடத்தில் கல்லைப் போட்டால் பக்கத்துக் கரை அரிபடும் என்பதைத் தமிழ்நாடு கண்கூடாகக் கண்டிருக்கிறது. சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் எழுந்த பிறகு தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரமும் காசிமேடும் கரையை இழந்தன. வடசென்னையில் கல்லைக் கொட்டியும் தூண்டில் வளைவு போட்டும் அரிப்பு வடக்கே நகர்ந்துகொண்டுதான் இருந்தது.

கரையோரத்துப் பழைய கட்டடங்களும் இதற்குத் தப்பவில்லை. தரங்கம்பாடியில் பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டது. எஞ்சியதையும் 1620இல் எழுந்த டேனியர் கோட்டையையும் கல்லடுக்குகள் காக்கின்றன. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்கும் கல்லரணே துணை. 1990 முதல் 2018 வரையிலான தேசியக் கரையோர ஆய்வின்படி இந்தியப் பெருநிலக் கரையில் 33.6 விழுக்காடு அரிப்புக்கு உள்ளாகியிருக்கிறது, தமிழ்நாட்டில் 42.7 விழுக்காடு.

அரிக்கும் கரையில் நிற்பவை பழைய கோட்டைகள் மட்டுமா? 1956 டிசம்பர் 6 அன்று டெல்லியில் மறைந்த அம்பேத்கரின் உடல் மறுநாள் தாதர் கடற்கரையில்தான் எரியூட்டப்பட்டது. 1971இல் அந்த இடத்தில் சைத்ய பூமி ஸ்தூபி எழுந்தது. ஆண்டுதோறும் டிசம்பர் 6இல் இலட்சக்கணக்கானோர் வருகிறார்கள், தாராவியின் தமிழ்த் தெருக்களிலிருந்தும் போகிறார்கள். அவர்கள் தேடி வருவது ஸ்தூபியை மட்டும் அல்ல, அந்த மணலையும்தான். சுவரை எவ்வளவு உயர்த்தினாலும் அந்த மணல் தங்காது. வெளியிலிருந்து மணல் கொண்டுவந்து நிரப்புவது, கரையோரக் கொடிகளை வளர்ப்பது, மித்தியின் வாயைத் திறந்து வைப்பது ஆகியவை செலவு மிகுந்த, மெதுவான வேலைகள். ஆனால் கரை நிலைக்க வேண்டுமானால் இவை செய்தாக வேண்டியவை.

செய்ய முடியும் என்பதற்கு இந்த ஆற்றங்கரையிலேயே சான்று இருக்கிறது. தாராவியின் ஓரத்தில் பல ஆண்டுகள் நகரத்தின் குப்பை கொட்டிய மேட்டில் 1980களில் மரம் நடத் தொடங்கினார்கள். ஏறத்தாழ 37 ஏக்கரில் அது இன்று மகாராஷ்டிரா இயற்கைப் பூங்காவாக நிற்கிறது. மாகிம் கோட்டைக்குள் நெருக்கியடித்திருந்த 267 குடிசைகளின் குடும்பங்களுக்கு 2022–23இல் மாற்று வீடு கொடுத்து, கோட்டையைக் காலி செய்தது மாநகராட்சி. பல ஆண்டுகள் குடிசைகளுக்குப் பின்னால் மறைந்திருந்த கற்கள் வெளியே தெரிந்தன. மதிலின் கடல் பக்கத்தில் ஓதம் நாளுக்கு இருமுறை ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது.