‘உடனே’ பிறந்த கதை

குன்றாண்டார்கோவில் பக்கத்திலிருந்து எச்.ஐ.வி. உள்ள தாய் ஒருத்தி ஆறு வாரக் குழந்தையோடு எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்துக்கு வந்தால், முதல் வேலை குதிகாலில் ஒரு குத்து. சில சொட்டு ரத்தம் அட்டையில் ஊறிக் காய்கிறது. ஐஸ் பெட்டி வேண்டாம், காய்ந்த அட்டையை உறையில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பிவிடலாம். வழக்கமான பரிசோதனை இங்கே உதவாது. அது பார்ப்பது எதிர்ப்பொருளை. தாயின் எதிர்ப்பொருள் பிள்ளை உடம்பில் 18 மாதம் வரைகூடத் தங்கும். அதனால் அட்டையில் வைரஸையே தேடுகிறார்கள். கிருமி இருப்பது உறுதியானால் மருந்து உடனே.

இந்த ‘உடனே’க்கு வயது அதிகமில்லை. தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையில் இலவசக் கூட்டு மருந்து 2004-ல் வந்தது. குழந்தைகளுக்கான தேசியத் திட்டம் 2006 நவம்பரில்தான். அப்போதெல்லாம் பல நாடுகளில் வழக்கம், பொறுத்திருப்பது: நோய் எதிர்ப்புக்கான சிடி4 அணுக்கள் குறையட்டும், நோய்க்குறி தெரியட்டும். அதை அலட்சியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தொடங்கினால் ஆயுளுக்கும் நிறுத்த முடியாத மருந்து, பக்கவிளைவு உண்டு, இடையில் விட்டால் மருந்துக்குக் கிருமி பழகிவிடும். பால் குடித்துச் சிரிக்கிற பிள்ளைக்கு எதற்கு அவசரம்?

விடை தென்னாப்பிரிக்காவில் கிடைத்தது. சொவேட்டோவிலும் கேப் டவுனிலும் 2005-ல் தொடங்கிய ‘செர்’ ஆய்வில், 6 முதல் 12 வாரக் குழந்தைகளைச் சேர்த்தார்கள். எல்லாருக்கும் சிடி4 நன்றாகவே இருந்தது. 252 பேருக்கு உடனே மருந்து. 125 பேர் பழைய முறைப்படி காத்திருந்தார்கள். 2007-ல் கண்காணிப்புக் குழு இடைக்காலக் கணக்கைப் பார்த்தது: உடனே தொடங்கியவர்களில் இறந்தவர்கள் 10, காத்திருந்தவர்களில் 20. காத்திருந்தவர்கள் எண்ணிக்கையில் பாதி, சாவு இரட்டிப்பு. இனி யாரையும் காக்க வைக்கக் கூடாது என்று குழு சொல்லிவிட்டது. நாம் நம்பியிருந்த சிடி4, கைக்குழந்தையிடம் ஏமாற்றுகிறது. எண் நன்றாக இருக்கும்போதே பிள்ளை சட்டென்று சரிந்துவிடும்.

ஆவி வயலாரியும் குழுவினரும் 2008-ல் முடிவை முழுமையாக வெளியிட்டார்கள். அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம், ஒரு வயதுக்குட்பட்ட எல்லாருக்கும் ‘உடனே’ என்றது. 2010-ல் அது இரண்டு வயதானது, 2013-ல் ஐந்து. அந்த 2010-லேயே இந்தியாவில் ரத்த அட்டைத் திட்டமும் வந்தது. அட்டை வராமல் ஆணையை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? வயது வரம்பே இல்லாமல் எல்லாருக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது 2015-ல், இந்தியா சொன்னது 2017-ல். கைக்குழந்தைக்குக் கிடைத்த ‘உடனே’, பெரியவர்கள் எல்லாருக்கும் கிடைக்க அத்தனை வருஷம்.